ஒரே இறால், மூன்று நோய்கள்

நோணாங்குப்பம் படகுத்துறையில் ஏறி பாரடைஸ் பீச்சுக்குப் போகிறவர்கள் கடக்கும் சுண்ணாம்பாறு, கடல் ஏறி வந்து உப்புக் கரிக்கும் கழிமுகம். இறாலும் நண்டும் இத்தகைய தண்ணீரில்தான் குஞ்சாக இருந்து வளர்கின்றன. இந்தக் கரையோர இறால் பண்ணைகளும் உவர்நீரை நம்பித்தான் நடக்கின்றன. குளத்தில் இறால் சோர்ந்தால் பலரும் சொல்வது, "வைரஸ் வந்துடுச்சு." எல்லாம் வைரஸ் அல்ல. ஆளைத் தெரியாமல் மருந்து ஊற்றினால் காசுதான் கரையும்.

முதலில் உண்மையான வைரஸ்: வெள்ளைப்புள்ளி நோய். 1992 வாக்கில் கிழக்காசியாவில் தலைகாட்டி, 1994-95இல் நம் கரைக்கு வந்து, கருவண்டு இறால் பண்ணைகளை வாரிச் சுருட்டியது. நோயுற்ற இறாலின் தலை ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். நகத்தால் சுரண்டினாலும் போகாது. ஓட்டுக்குள்ளேயே படிந்த சுண்ணாம்புச் சத்து அது. புள்ளியை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, சில பாக்டீரியாக்களும் புள்ளி போடும். பிசிஆர் சோதனைதான் சொல்லும். வைரஸ் தானாகப் பெருகாது. இறாலின் செல்லுக்குள் புகுந்து, அதன் இயந்திரங்களைக் கொண்டே தன்னைப் படி எடுக்கிறது. மூன்று முதல் பத்து நாளில் குளம் முழுவதும் சாகலாம். ஆன்டிபாடி உண்டாக்கும் வசதி இறாலுக்கு இல்லை; அதனால் நமக்குப் போடுவது போன்ற தடுப்பூசி அதற்கு எடுபடாது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

2009இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட வனாமி இறாலின் தாய்கள், குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லை எனச் சோதித்து இறக்குமதி செய்யப்படுபவை. அவற்றின் குஞ்சுக்கு நோய் வராது என்று பொருளல்ல. வெள்ளைப்புள்ளி வனாமியையும் கொல்லும்.

இரண்டாவது, சுருக்கமாக இ.எச்.பி. என்று பண்ணைக்காரர்கள் சொல்லும் நுண்பூஞ்சை. எனக்கு மூன்றிலும் வியப்பானது இதுதான். நெடுங்காலம் ஒருசெல் உயிரிகளோடு சேர்த்து எண்ணப்பட்ட கூட்டம் இது. மரபணுவைப் படித்த பிறகே பூஞ்சைகளின் உறவு என்று தெரிந்தது. பட்டுப்புழுவை அழித்து 1860களில் லூயி பாஸ்டரை வேலை வாங்கியதும் இதன் இனமே. இ.எச்.பி.யின் வித்து மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். உள்ளே சுருண்டிருக்கும் குழல் சட்டென வெளியே பாய்ந்து, ஊசி போடுவதுபோலத் தன் உள்ளுடம்பை இறாலின் கல்லீரல்-கணையச் செல்லுக்குள் செலுத்திவிடும். சொந்தமாக ஆற்றல் உண்டாக்கும் திறன் அதற்கு இல்லை, அந்தச் செல்லின் ஆற்றலைத்தான் உறிஞ்சுகிறது. இறால் பெரும்பாலும் சாகாது. தீனி தின்றும் வளராது. ஒரே குளத்தில் பெரிதும் சிறிதுமாக நிற்கும். சாவு இல்லாததால் நோய் என்றே தோன்றாமல், தீனிக் கணக்கு ஏறிக்கொண்டே போவது கொடுமை.

அடுத்த வளர்ப்புக்குள் வித்தை ஒழிப்பதே வழி. அறுவடை முடிந்து காய்ந்த குளத்தை உழுது, ஹெக்டேருக்குச் சுமார் 6 டன் சுட்ட சுண்ணாம்பு கலந்து, ஈரம் கட்டி, மண்ணின் காரத்தன்மை பிஎச் 12க்கு ஏறும்படி சில நாள் விட வேண்டும். கடைச் சுண்ணாம்புக்கல் பொடியால் இது நடக்காது.

மூன்றாவது புரோட்டிஸ்டுகள். ஜூதாம்னியம் என்ற காம்புள்ள ஒருசெல் உயிரி, ஓட்டிலும் செவுளிலும் மங்கலான படலமாக ஒட்டும். இறாலைத் தின்பதில்லை; தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாவைத் தின்கிறது. செவுளை அடைப்பதால்தான் மூச்சு முட்டுகிறது, அதிலும் ஆக்சிஜன் குறையும் விடியற்காலையில். மிஞ்சிய தீனியைக் குறைத்து, தண்ணீரை மாற்றி, ஏரேட்டரை ஓட்டினால், இறால் ஓடு கழற்றும்போது படலமும் சேர்ந்து போகும்.

இவற்றில் எதுவும் மனிதரைத் தொற்றாது. ஆனால் வெள்ளைப்புள்ளி வைரஸை நண்டு தன் உடலில் சாகாமல் சுமக்கும். நோய் வந்த குளத்து நீரைக் குளோரின் போடாமல் ஆற்றில் திறந்துவிட்டால், அந்த நண்டு வழியாக அது அடுத்தவர் குளத்துக்கும் போகும்.