கரித்தணலில் பக்குவமாகும் சீனத் தேயிலை

அஸ்தினாபுரத்தில் எந்தத் தேநீர்க் கடைக்குச் சென்றாலும், தூளில் இறக்கிய கடுஞ்சாயத்துடன் பாலும் சர்க்கரையும் சேர்ந்த தேநீரே நமக்குக் கிடைக்கிறது. அதே செடியின் இலையைக் கரித்தணலில் பல மணி நேரம் வாட்டிப் பாலின்றி அருந்தும் வழக்கம் சீன நாட்டில் உண்டு. ஊலாங் எனப்படும் அத்தேயிலையின் செய்முறையில், நெய்வோரும் விளைவிப்போருமாகிய நம் அங்கத்தினர்கள் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று இருக்கிறது.

ஃபூஜியன் மாகாணத்திலுள்ள வூயி மலை இத்தேயிலைக்குப் பேர் பெற்ற இடம். சாதாரணத் தேயிலைக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவர். ஊலாங்குக்கோ மொட்டு விரிந்து, மூன்று நான்கு இலைகள் ஓரளவு முதிர்ந்த பின்னரே பறிப்பர். பறித்த இலையை வெயிலில் சிறிது வாடவிட்டு, மூங்கில் தட்டுகளில் இட்டுக் குலுக்குவர். ஓரங்கள் கசங்கி, காற்றுப் பட்டுச் சிவக்கும். நடுப்பகுதி பசுமையாகவே இருக்கும். இம்மாற்றம் முற்றுப் பெற்றால் கறுப்புத் தேயிலை. தொடக்கத்திலேயே தடுத்தால் பச்சைத் தேயிலை. இடையில் நிறுத்தினால் ஊலாங். சூடான இரும்புச் சட்டியில் புரட்டி மாற்றத்தை நிறுத்தி, இலையைச் சுருட்டி உலர்த்துவர்.

இதன் பின்னரே கரியின் வேலை. குழியில் கரியை மூட்டி, புகை முற்றும் அடங்கும் வரை எரியவிட்டுச் சாம்பலால் மூடுவர். சாம்பலின் கனத்தைக் கூட்டியும் குறைத்தும் வெப்பத்தை அடக்கி ஆளுவர். அந்த நீறு பூத்த தணலின் மேல் மூங்கில் கூடையில் இலையை வைத்து, அவ்வப்போது கூடையை அப்புறப்படுத்திப் புரட்டுவர். தணலின் மேலேயே புரட்டினால் துகள் விழுந்து புகையும். அப்புகை இலையைக் கெடுக்கும். ஒரு முறை வாட்டியதைச் சில வாரங்கள் ஆறவிட்டு மீண்டும் வாட்டுவதும் உண்டு.

ஆகவே, கரியில் வாட்டிய தேயிலை புகை நாற்றம் வீசும் என்பது தவறு. மெல்லிய சூட்டில் ஈரமும் பச்சை வாடையும் நீங்குகின்றன. வறுத்த கடலையையும் காய்ச்சிய வெல்லத்தையும் ஒத்த மணம் பிறக்கிறது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மேற்புறம் கருகி, உள்ளே ஈரம் தங்கிவிடும். நல்ல இலையைக் கொதிநீரில் ஐந்தாறு முறை இறக்கினாலும் சுவை குன்றாது.

எனினும், தணல் நல்ல இலையை மேம்படுத்துமேயன்றிக் கெட்ட இலையைத் திருத்தாது. பாவில் உள்ள குறையைக் கஞ்சியால் போக்க இயலாது என்பதை நெசவாளர் அறிவர். நமது நீலகிரியில் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. அவற்றின் இணையமான இண்ட்கோசர்வ் 1965இல் அமைந்தது. அங்கே பலருடைய பசுந்தழை ஒன்றாகவே இயந்திரத்திற்குச் செல்கிறது. ஒருவர் கலந்த கரட்டு இலை அனைவருடைய சரக்கின் தரத்தையும் விலையையும் தாழ்த்திவிடும். ஊலாங் செய்தாலும் தூள் செய்தாலும் இந்நியதி மாறாது.

புதிய இயந்திரம் வாங்கப் பணம் வேண்டும். பறிக்கும்போதே தரம் பிரிக்கக் கவனம் ஒன்றே போதும். கூட்டாக விற்கும் பொருளில் ஒவ்வொருவரும் முதலில் செலுத்த வேண்டிய பங்கு அதுவே.