இறக்கத்தில் எஞ்சினே பிரேக்

கொண்டச்சியில் இறக்கம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. கடலோர மணலும் மரமுந்திரிகையுமாகத் தட்டையாகக் கிடக்கும் நிலம். ஆனால் அகத்திமுறிப்பு போன்ற குளத்தின் கட்டிலிருந்து நெல் மூட்டைகளோடு லாண்ட்மாஸ்டர் இறங்கும்போது பாருங்கள்: இடப்பக்கம் திரும்ப, சாரதி வலப்பக்கப் பிடியை அழுத்துவார்.

லாண்ட்மாஸ்டர் போன்ற இரு சில்லு உழவு இயந்திரத்தின் கைப்பிடிகளில் பக்கத்துக்கு ஒரு கிளட்ச் உண்டு. சமதரையில் இடதை அழுத்தினால் இடது சில்லுக்கு எஞ்சின் தொடர்பு அறும். வலது சில்லு மட்டும் தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் கதை வேறு. பின்னால் இழுபடும் பெட்டியின் பாரம் தள்ளுகிறது. எஞ்சின் பிடித்து இழுக்கிறது. தொடர்பறுந்த சில்லு விடுபட்டு ஓட, மற்றது பின்தங்கும். வண்டி எதிர்ப்பக்கம் வளையும். இது தெரியாதவர் வயலுக்குள்தான் போய் விழுவார்.

எஞ்சின் பிடித்து இழுப்பது இப்படித்தான்: ஆக்சிலேட்டரைக் குறைத்ததும் டீசல் நிற்கிறது. கியர் விழுந்திருப்பதால் இப்போது சில்லுகளே எஞ்சினைச் சுழற்றுகின்றன. காற்றை உள்ளிழுத்து வெளியே தள்ளவும் உராய்வை வெல்லவும் தேவையான வலு வண்டியின் ஓட்டத்திலிருந்தே போகிறது. கியர் குறையக் குறைய எஞ்சின் கூடச் சுற்றும், பிடியும் இறுகும்.

எஞ்சின் பிடியின் அருமை மலைநாட்டில் தெரியும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே மரக்கறி ஏற்றிய 10 டன் லொறி, ரம்பொடை வழியே 1,000 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் சக்தி சுமார் 330 லீட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அவ்வளவையும் பிரேக்கின் தலையில் கட்டினால் லைனிங் சூடாகிப் பிடி தளரும். ஹைட்ரோலிக் பிரேக்கானால் எண்ணெய் கொதித்துக் குமிழியிடும், பெடல் தரைவரை போகும்.

எனவே கியரை இறக்கத்தின் உச்சியிலேயே குறைத்துவிட வேண்டும். நடுவழியில் கிளட்ச் மிதித்தால் எஞ்சின் பிடி போய்விடும். வேகம் ஏறியபின் சின்னக் கியர் விழாது. வேகம் கூடினால் பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து விட்டுவிட வேண்டும், மிதித்தபடியே இருக்கக் கூடாது. நாலு சில்லு உழவு இயந்திரமானால் இரண்டு பிரேக் பெடல்களையும் கொளுவி இணைத்துவிட்டே வீதியில் ஏற வேண்டும். பெட்டிக்கும் தனிப் பிரேக் வேண்டும்: எஞ்சின் பிடிப்பது ஓட்டும் சில்லுகளை மட்டுமே, ஈரத் தரையில் பெட்டி பின்னாலிருந்து தள்ளி வண்டியை மடக்கிவிடும்.

டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவோரும் உண்டு. நியூட்ரலில் எஞ்சின் ஓயாமலிருக்க டீசல் குடித்தே ஆகவேண்டும். கியரில் இறங்கும்போது அதுவும் தேவைப்படாது.