நாவல் எழுதிப் பிழைக்கும் கணக்கு

நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை ஒருவர் கதை எழுதத் தொடங்கினால் கொஞ்ச நாளில் வீட்டில் அந்தக் கேள்வி வந்துவிடும்: இதை வைத்துச் சாப்பிட முடியுமா? நியாயமான கேள்வி. சுந்தர ராமசாமி, பொன்னீலன், தோப்பில் முஹம்மது மீரான், நாஞ்சில்நாடன், ஜெயமோகன் என்று இத்தனை எழுத்தாளர்கள் வந்த மாவட்டத்தில் இதற்குப் பதில் இல்லாமல் போகாது. சாயா ஆறுவதற்குள் நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

நம்மில் அநேகம் பேருடைய எண்ணம் இதுதான்: பெயர்பெற்ற எழுத்தாளர் என்றால் புத்தகம் நன்றாக விற்கும், விற்ற பணத்தில் அவர் குடும்பம் நடத்துவார். புத்தகக் கண்காட்சியில் அவர் பெயர் போட்ட அடுக்கைப் பார்க்கும்போது அப்படித்தான் தோன்றும்.

300 ரூபாய் விலை போட்ட நாவல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடைக்காரருக்குக் கழிவாக விலையில் மூன்றில் ஒரு பங்குவரை போய்விடும். தாள், அச்சு, பைண்டிங், பார்சல் செலவு, பதிப்பாளரின் லாபம் எல்லாம் மிச்சத்தில் அடங்க வேண்டும். எழுதியவருக்கு வழக்கமாக விலையில் பத்து சதவீதம். ராயல்டி என்பது இதுதான். ஒரு பிரதிக்கு 30 ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால் 30,000. தமிழில் இலக்கிய நாவலுக்கு ஆயிரம் என்பது நல்ல விற்பனை. அதுவும் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடாது. இப்போது பலரும் இருநூறு முந்நூறு பிரதி மட்டும் அச்சிட்டுவிட்டு, தீரத் தீர மறுபடி அச்சிடுகிறார்கள். நாவலை எழுத இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாதத்துக்கு 1,250 ரூபாய் தேறும். பதிப்பகம் அனுப்பும் கணக்குத் தாளில் நாலைந்து வரிதான் இருக்கும்: அச்சிட்டது, போன வருடக் கையிருப்பு, இலவசப் பிரதி, விற்றது, மிச்சம். 'விற்றது' என்ற அந்த ஒரு வரியில்தான் எழுத்தாளரின் காசு இருக்கிறது.

பிறகு நம் மாவட்டத்து எழுத்தாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தினார். தேங்காய்ப்பட்டணத்து மீரான் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தார். பொன்னீலன் கல்வித்துறை அதிகாரி. வீரநாராயணமங்கலத்திலிருந்து பம்பாய்க்குப் போன நாஞ்சில்நாடன் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. அவருடைய 'தலைகீழ் விகிதங்கள்' நாவல் 1977இல் வந்தது பம்பாயில் வேலையில் இருந்தபோதுதான். விருதும் மாதச் செலவைத் தாங்காது. பொன்னீலனுக்கு 1994இலும் மீரானுக்கு 1997இலும் நாஞ்சில்நாடனுக்கு 2010இலும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இப்போது அதற்கான தொகை ஒரு லட்சம். வாழ்நாளில் ஒரு தடவை வருவது.

வேலை பார்த்துக்கொண்டே எழுதியதால் இவர்களை ஓய்வுநேர எழுத்தாளர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வந்தது, இரண்டாவது 1981இல், மூன்றாவது 1998இல். முப்பத்திரண்டு வருடத்தில் மூன்றே நாவல். புத்தகம்தான் சோறு போட வேண்டும் என்றிருந்தால் அவரால் இப்படிக் காத்திருக்க முடிந்திருக்காது. அந்தப் பொறுமையில் துணிக்கடைக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

ஜெயமோகனின் வழி வேறு. தொலைபேசித் துறையில் பல வருடம் வேலை பார்த்தவர், பிறகு சினிமாவுக்கு எழுதப் போனார். அவருடைய 'வெண்முரசு' வரிசையில் 26 நாவல்கள். 2014 முதல் 2020 வரை அதை நாள்தோறும் இணையத்தில் இலவசமாகவே வெளியிட்டார். அப்படியானால் அடுப்பு எரிந்தது எதில்? திரைக்கதை, வசனம் எழுதிய சம்பளத்தில். அந்த வேலைக்கு அவரைத் தேடி வரவைத்தது ஏற்கெனவே எழுதிய நாவல்களும் கதைகளும். நாம் பிசகும் இடம் இங்கேதான். நாவல் விற்று வரும் காசு சின்னது. நாவல் சம்பாதித்துத் தரும் பெயரும், நாவலின் மேல் நமக்கு இருக்கும் உரிமையும் பெரியவை.

அந்த உரிமையை நாஞ்சில் நாட்டு வயலை வைத்துப் புரிந்துகொள்ளலாம். வயலைப் பாட்டத்துக்கு விடுகிறோம். பாட்டக்காரர் உழுது, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் விளைவித்து, நமக்கு நெல் அளக்கிறார்; பட்டா நம் பெயரிலேயே இருக்கிறது. வரப்புத் தென்னையின் காய் யாருக்கு என்பதைத் தனியாகப் பேசிக்கொள்கிறோம். பதிப்பாளருக்கு நாவலைக் கொடுப்பதும் பாட்டம்தான், விற்பனை இல்லை. மொழிபெயர்ப்பு, ஒலிநூல், சினிமா எல்லாம் வரப்புத் தென்னைகள். ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' நாவலிலிருந்து 2009இல் 'நான் கடவுள்' படம் வந்தது. 'துணைவன்' என்ற ஒரு சிறுகதையிலிருந்து 2023இல் 'விடுதலை' படம் வந்தது. அச்சிடும் உரிமையோடு சேர்த்து 'அனைத்து உரிமைகளும்' என்று ஒரே வரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தென்னையும் கையைவிட்டுப் போய்விடும்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுதுபவர் பக்கம்தான் நிற்கிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாமல் விட்டிருந்தால் ஐந்து வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுதியவர் காலமான பிறகும் அறுபது வருடம் உரிமை குடும்பத்துக்கு உண்டு. 2005இல் மறைந்த சுந்தர ராமசாமியின் நூல்களுக்கு 2065 முடியும்வரை.

இன்னொரு வரவும் உண்டு. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் 'நூலக வரி' என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பணத்தில் அரசு நூலகங்கள் புத்தகம் வாங்குகின்றன. சிறிய பதிப்பகங்கள் நூலக ஆணைக்காகக் காத்துக் கிடப்பது அதனால்தான். அப்படி வாங்கும் பிரதிக்கும் எழுதியவருக்குப் பங்கு வர வேண்டும். பிரதிக்கு முப்பது ரூபாய்தானே என்று கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது உழைத்த கூலி. ஆகவே கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைத் தேடுவோம்: எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த உரிமை, எந்த மாதம் கணக்கு. மூன்றாவதைத்தான் பலரும் எழுதி வாங்க மறந்துவிடுகிறார்கள்.