கோவைக்கு இரண்டு நாள் கொள்முதல்: சொந்த வண்டி இல்லாமல் வருவோருக்கு

சில ஆண்டுகளுக்கு முன், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் முதன்முறையாக நம் ஊருக்குச் சரக்கு எடுக்க வந்தார். சனிக்கிழமை இரவு ரயிலேறி ஞாயிறு காலை இறங்கியிருக்கிறார். மொத்தக் கடை வீதியில் பெரும்பாலான கதவுகள் சாத்தியிருந்தன. அன்றைய பொழுது வீண். திங்கட்கிழமை அவசர அவசரமாகக் கொள்முதலை முடித்து, இரண்டு மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு காந்திபுரம் பேருந்து நிலையம் போனார். அங்கே தஞ்சாவூர் பஸ்ஸை விசாரித்திருக்கிறார். "அது இங்க நிக்காதுங்க, சிங்காநல்லூர் போகோணுங்க" என்று பதில் வந்தது. மூட்டையோடு நகரத்தின் மறுகோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் நம்பியிருந்த கடைசி வண்டி போய்விட்டது. இரண்டு நாள் பூட்ட நினைத்த கடை மூன்றாம் நாளும் பூட்டிக் கிடந்தது.

அவர் என்னிடம் சரக்கு எடுத்தவர் என்பதால் இது எனக்குத் தெரியும். அதன் பிறகு அவர் கோவைக்கு வரவில்லை. விலையிலோ தரத்திலோ அவருக்குக் குறை இல்லை. ஊர் பிடிபடவில்லை, அவ்வளவுதான். ஒரு வணிகருக்குக் கடை பூட்டிய நாள் இரட்டை நஷ்டம். அன்றைய வியாபாரமும் போகிறது, வாடிக்கையாளர் பக்கத்துக் கடையையும் பழகிக் கொள்கிறார். எனவே வெளியூர் வணிகர்களுக்கு உதவும் வகையில், கார் இல்லாமல் இரண்டே நாளில் கோவையில் கொள்முதலை முடிக்கும் வழியை இங்கே எழுதுகிறேன். நம் உறுப்பினர்கள் இதைத் தங்கள் வெளியூர் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து உதவலாம்.

திரும்பும் வழியை முதலில் தீர்மானியுங்கள்

ஊருக்குப் புறப்படும்போது எல்லோரும் வரும் வழியை யோசிக்கிறோம். கோவையைப் பொறுத்தவரை திரும்பும் வழியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். காரணம், இங்கே வெளியூர்ப் பேருந்துகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதில்லை. திசைக்கு ஒரு நிலையம் உண்டு.

திருப்பூர், ஈரோடு, சேலம், சத்தியமங்கலம், மைசூர் பக்கம் செல்ல காந்திபுரம். சென்னை, பெங்களூர் செல்லும் அரசு விரைவுப் பேருந்துகளும், சத்தி சாலையில் ஆம்னி பேருந்து நிலையமும் அதே பகுதியில்தான். மதுரை, திருச்சி, தஞ்சாவூர், திண்டுக்கல், தேனி செல்வோருக்குத் திருச்சி சாலையில் உள்ள சிங்காநல்லூர். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, பாலக்காடு செல்ல உக்கடம். மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி செல்ல மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையம்.

இவற்றில் உக்கடம் மொத்தக் கடை வீதிகளுக்கு அருகில். காந்திபுரம் ரயில் நிலையத்திலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர். சிங்காநல்லூர்தான் தொலைவு, ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். மாலை நெரிசலில் அந்தத் தூரத்திற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது நல்லது. உங்கள் ஊர்ப் பேருந்து எங்கிருந்து புறப்படுகிறது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைப் புறப்படும் முன்பே ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக் கொள்ளுங்கள். மேலே சொன்ன நண்பரிடம் அந்தச் சீட்டு இருந்திருந்தால் அவர் இன்றும் நமக்கு வாடிக்கையாளராக இருந்திருப்பார்.

ரயிலில் வருவோர் கவனத்திற்கு

கூடுமானால் ரயிலில் வாருங்கள். இரவு ஏறினால் விடியற்காலையில் கோவை. சென்னையிலிருந்து சேரன், நீலகிரி விரைவு வண்டிகளும், மன்னார்குடியிலிருந்து தஞ்சை, திருச்சி வழியாகச் செம்மொழி விரைவு வண்டியும் இரவில் ஓடுபவை. ஒரு இரவு விடுதி வாடகை மிச்சம், பகல் முழுவதும் கையில் இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கேரளத்துக்குச் செல்லும் எல்லா வண்டிகளும் கோவை சந்திப்புக்குள் வருவதில்லை. சில வண்டிகள் இருகூரிலிருந்து நேராகப் போத்தனூர் சென்றுவிடும். இதற்குக் காரணம் பழையது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு 1860-களில் போட்ட முதன்மைப் பாதை போத்தனூர் வழியாகத்தான் சென்றது. போத்தனூரிலிருந்து கோவை நகரம் வழியாக மேட்டுப்பாளையம் செல்லும் பாதை 1873-இல் வந்தது. ஆகவே பயணச்சீட்டு எடுக்கும்போது அந்த வண்டி 'கோயம்புத்தூர் சந்திப்பு' நிலையத்தில் நிற்குமா என்று பார்த்து எடுங்கள். போத்தனூரில் இறங்க நேர்ந்தாலும் பதற வேண்டாம். அங்கிருந்து நகரப் பேருந்தோ ஆட்டோவோ பிடித்து வந்துவிடலாம்.

விமானத்தில் வருவோர் பீளமேட்டில் இறங்குவார்கள். அங்கிருந்து நகர மையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அவிநாசி சாலையில் கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை சுமார் 10 கி.மீ. நீள மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டுள்ளது. இடையில் இறங்க வேண்டியவர்கள், வண்டி மேலே போகிறதா, கீழே போகிறதா என்று கேட்டுவிட்டு ஏறவும்.

எங்கே தங்குவது?

ரயில் நிலையத்துக்கு எதிரே கீதா ஹால் சாலையில் நடுத்தர வாடகையில் விடுதிகள் வரிசையாக உள்ளன. காந்திபுரத்தை ஒட்டி ராம் நகர், காட்டூர் பகுதிகளிலும் தங்கலாம். கொள்முதலுக்கு வருவோருக்கு ரயில் நிலையப் பகுதியே வசதி. அங்கிருந்து டவுன்ஹால் நடக்கும் தூரம்தான். வாடகை குறைவு என்று நகரத்தின் ஓரத்தில் தங்கினால், மிச்சமான பணம் ஆட்டோவுக்குப் போய்விடும்.

முகூர்த்த நாட்களிலும், அவிநாசி சாலையிலுள்ள கொடிசியா வளாகத்தில் பெரிய கண்காட்சிகள் நடக்கும் நாட்களிலும் அறை கிடைப்பது கடினம். குறிப்பாக ஜூலை மாதத்தில் விவசாயக் கண்காட்சியும் புத்தகத் திருவிழாவும் அங்கே நடப்பது வழக்கம். அந்தச் சமயங்களில் முன்பதிவு செய்யாமல் வர வேண்டாம்.

எந்தச் சரக்கு எந்த வீதியில்?

கோவையின் பழைய வணிகப் பகுதி முழுவதும் நடந்தே சுற்றக்கூடியது. டவுன்ஹாலை மையமாக வைத்துக் கொள்ளுங்கள். 1892-இல் கட்டிய விக்டோரியா மண்டபம் இருப்பதால் அந்த இடத்துக்கு இந்தப் பெயர். மணிக்கூண்டு என்று கேட்டாலும் வழி சொல்வார்கள்.

மளிகை மொத்த வியாபாரம் என்றால் ரங்கே கவுடர் வீதி. ஜவுளிக்கு ஒப்பணக்கார வீதி, ராஜ வீதி. நகைக்கும் ராஜ வீதியே பேர் பெற்றது. பெரிய கடை வீதி பலசரக்கும் கலந்த வீதி. காய்கறி வாங்குவோர் மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள எம்.ஜி.ஆர். மொத்தக் காய்கறி மார்க்கெட்டுக்கு விடியும் முன்பே போக வேண்டும். காந்திபுரம் கிராஸ்கட் சாலை சில்லறை வியாபாரத்துக்குப் புகழ்பெற்றது. மொத்தக் கொள்முதலுக்கு வந்தவர்கள் அங்கே பொழுதைப் போக்க வேண்டியதில்லை. கடை அலங்காரம் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்து வருவதில் தவறில்லை.

வெட் கிரைண்டர், பம்பு, மோட்டார் வாங்க வருவோருக்கு மட்டும் நடை போதாது. அந்தத் தொழிற்கூடங்கள் கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் என்று பரவிக் கிடக்கின்றன. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லி விற்கலாம்.

இரண்டு நாளை எப்படிப் பங்கிடுவது?

ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். அமாவாசை, பண்டிகை என்று சில கடைகள் தனியாக விடுமுறை விடுவதும் உண்டு. புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுக் கொள்வது நல்லது. மாசி மாதம் கோனியம்மன் தேரோட்டத்தன்று ராஜ வீதிப் பக்கம் வண்டி நுழையாது. அன்று தேர் பார்க்க வரலாம், சரக்கு எடுக்க வரக்கூடாது. தீபாவளிக்கு முந்தைய இரு வாரங்களும் அப்படித்தான்.

முதல் நாள் காலை குளித்து, பலகாரம் முடித்து, பத்து மணிக்கு வீதியில் இருங்கள். முற்பகலில் விலை மட்டும் கேளுங்கள். குறைந்தது மூன்று கடை ஏறி இறங்குங்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் ஆர்டரைக் கொடுத்துவிடுங்கள். சிப்பம் கட்ட நேரம் வேண்டும். வெளியூர் லாரிகள் பெரும்பாலும் இரவில்தான் கிளம்பும். மாலை ஆறு மணிக்கு ஆர்டர் கொடுத்தால் சரக்கு ஒரு நாள் பின்தங்கும்.

இரண்டாம் நாளை ஒரே ஒரு தொலைவான வேலைக்கு வையுங்கள். கிரைண்டர், பம்பு வேலை உள்ளோர் பீளமேடு, கணபதிப் பக்கம் போகலாம். பின்னலாடை வேண்டுவோர் ரயிலேறித் திருப்பூர் போகலாம். சுமார் 50 கிலோமீட்டர்தான், ரயில் நிலையத்துக்கு அருகிலேயே காதர்பேட்டை. ஜவுளிக்காரர்கள் திங்கட்கிழமை கோவை, அன்று இரவோ செவ்வாய்க்கிழமையோ ஈரோடு என்று திட்டமிடலாம். ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை நடப்பது. சென்னை, சேலம் பக்கம் திரும்புவோருக்கு அது வழியிலேயே இருக்கிறது. ஒரே நாளில் திருப்பூரும் வேண்டும், பொள்ளாச்சியும் வேண்டும் என்று கிளம்பினால் பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சமாகும்.

ஊருக்குள் போக்குவரத்து

நகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை. ஆட்டோ என்றால் ஏறும் முன்பே தொகையைப் பேசி முடித்துவிடுங்கள், அல்லது செல்போன் செயலியில் அழையுங்கள். டவுன்ஹால் பகுதியில் மட்டும் ஆட்டோவை நம்ப வேண்டாம். ஒருவழிப் பாதையும் நெரிசலும் அதிகம், நடப்பதே விரைவு.

சரக்கும் நீங்களும் தனித்தனியே போங்கள்

கையில் தூக்கிச் செல்வது மாதிரிச் சரக்கும் அவசரச் சரக்கும் மட்டும் இருக்கட்டும். ரயிலில் இரண்டாம் வகுப்புக்கு 35 கிலோ, படுக்கை வகுப்புக்கு 40 கிலோ வரைதான் இலவசம். அதற்கு மேல் முன்பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். மற்றவற்றை லாரி புக்கிங்கில் போட்டுவிடுங்கள். கடையிலிருந்து புக்கிங் ஆபீஸ் வரை குட்டியானை வண்டிக்கு யார் கூலி கொடுப்பது என்பதை விலை பேசும்போதே தெளிவாக்கிக் கொள்ளுங்கள். லாரி ரசீது உங்கள் கைக்கு வராமல், அல்லது அதன் படமாவது செல்போனுக்கு வராமல் ஊர் திரும்பாதீர்கள்.

பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் சரியாக உள்ளதா என்று கடையிலேயே பாருங்கள். ஊருக்குப் போய்த் திருத்தச் சொன்னால் மாதங்கள் ஓடிவிடும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும், வெளிமாநிலம் என்றால் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும் இ-வே பில் தேவை.

ரொக்கத்தைக் குறைத்துக் கொள்ளுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது வருமான வரிக் கணக்கில் செலவாக ஏற்கப்படாது. தேர்தல் காலத்தில் ஆவணமின்றி 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்துச் சென்றால் பறக்கும் படையிடம் சிக்கவும் நேரும்.

நம் உறுப்பினர்களுக்கு

வந்தவருக்கு வழி காட்டுவது கொங்கு நாட்டு வழக்கம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அதைக் கடையிலும் காட்டுவோம். பில் தலைப்பில் வார விடுமுறையையும், அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்தையும் அச்சிடுவோம். புது வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்டால், "எந்த ஊருக்குத் திரும்பணுங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டு, சரியான பேருந்து நிலையத்தைச் சொல்வோம். அவர் புறப்படும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அதற்கு முன் பில்லை முடித்துக் கொடுப்போம்.

இதற்கெல்லாம் காசு செலவில்லை. ஒரு நாள் மிச்சமான வணிகர் அடுத்த மாதமும் வருவார். அந்தத் தஞ்சை நண்பருக்கும் இதில் ஒரு பிரதியை அஞ்சலில் அனுப்பப் போகிறேன். திங்கட்கிழமை காலை வந்து இறங்குமாறு மேலே எழுதியிருக்கிறேன்.