துப்பறியும் நாவலில் காது கேளாத இருவர்

அமெரிக்க எழுத்தாளர் எட் மக்பெயின் 1956-இல் தொடங்கிய 87-ஆவது சரக நாவல்களில் ஷெர்லக் ஹோம்ஸ் போன்ற மேதை இல்லை. ஒரு காவல் நிலையமே கதாநாயகன். மேதை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறான்! 1960-இல் வெளியான ‘தி ஹெக்ளர்’ முதல் பல நாவல்களில் திரும்பத் திரும்ப வரும் அவனுக்குப் பெயரே ‘செவிடன்’. 1968-இல் வந்த ‘ஃபஸ்’ நாவலில் பணம் கேட்டு மிரட்டி, நகர அதிகாரிகளையே கொல்கிறான்.

ஊனத்தைக் கயவனுக்குப் பெயராக்கலாமா என்று எங்களுக்குள் வாதம் எழுந்தது. ஆனால் துப்பறிவாளர் கரெல்லாவின் மனைவி டெடிக்கும் காது கேளாது, பேசவும் இயலாது. அறிவும் துணிவும் மிக்கவர். திருமணத்திற்கு முன், முதல் நாவலில், கரெல்லா வந்தால் கதவைத் தட்டமாட்டார், குமிழைத் திருகுவார். டெடி அதைப் பார்த்துத் திறப்பார். ஒருநாள் குமிழ் திரும்புகிறது. வெளியே நிற்பது கொலையாளி. அந்தப் பக்கத்தை நாங்கள் இருமுறை படித்தோம்.