மின்விசிறியை யாரிடம் ஒப்படைப்பது?

சித்திரை பிறந்து வெயில் உக்கிரமடையும் நாட்களில், நம் ஊர்களில் சாதாரணக் குடும்பங்களின் உறக்கமும் குழந்தைகளின் படிப்பும் கூரையில் தொங்கும் மின்விசிறியை நம்பியே நடப்பதால், அது திடீரென்று மந்தமாகிவிட்டால் வீட்டார் பதறிப்போய், கண்ணில் முதலில் படுகிற ஆளையே கையோடு அழைத்து வந்துவிடுகிறார்கள். பணம் விரயமாவதும், சில சமயம் ஆபத்து விளைவதும் இந்த அவசரத்தினால்தான்.

விசிறியின் கோளாறுகளில் பல அற்பக் காரணங்களால் உண்டாகிறவை. மோட்டாருக்குள் இரண்டு காயில்கள் இருக்க, அவற்றுள் ஒன்றோடு இணைந்து சுழற்சியைத் தொடங்கி வைப்பது ஒரு சிறிய கண்டென்சர். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் அளவுள்ள அது, வருஷக்கணக்காக உஷ்ணத்தில் கிடந்து சக்தி குன்றும்போது, விசிறி மெதுவாக ஓடும், அல்லது தள்ளிவிட்டாலொழியச் சுழலாது. கரகரவென்ற சத்தம் பேரிங் தேய்ந்ததற்கு அறிகுறி. கருகல் வாசனை வந்தால் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். ஆகவே, என்ன சத்தம், எத்தனை நாளாக என்று ஒரு வார்த்தையும் விசாரிக்காமல், தரையில் நின்றபடியே, "காயில் போயிடுச்சுங்க, புதுசாக் கட்டணும்" என்று தீர்ப்புச் சொல்பவரை அந்தக் க்ஷணமே அனுப்பிவிடலாம்.

தொழில் தெரிந்தவரின் முதல் காரியம் மெயின் சுவிட்சை நிறுத்துவது. பல வீடுகளில் விசிறியின் சுவிட்சைத் தவறுதலாக நியூட்ரல் கம்பியில் இணைத்திருப்பார்களாதலால், சுவிட்ச் அணைந்திருந்தும் மேலே 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கக் கூடும். மெயினை நிறுத்திய பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டே கம்பியைத் தொடுகிறவரிடம் நம்பிக்கை வைக்கலாம். அதேபோல், வேகம் கூடும் என்று ஆசை காட்டி, குறித்த அளவைவிடப் பெரிய கண்டென்சரைப் பொருத்துகிறவர் உபகாரம் செய்வதாகத் தோன்றினாலும், காயிலை மிகையாகச் சூடாக்கி மோட்டாரின் ஆயுளைக் குறைக்கிறார்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதென்று நான் கருதுவது, விசிறியை மீண்டும் தொங்கவிடும் விதம். கூரை ஹூக்கில் மாட்டும் ரப்பர் புஷ் விண்டிருக்கிறதா, டவுன் ராடின் மேலும் கீழும் போல்ட்டுகள் இறுகியிருக்கின்றனவா, அந்த போல்ட்டுகள் கழன்று வராதபடி தடுக்கும் ஸ்பிளிட் பின் அதனதன் இடத்தில் மடக்கப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்காமல் ஏணியை விட்டு இறங்குகிறவர், எத்தனை சாமர்த்தியசாலியானாலும், நம் வீட்டுக்கு வேண்டாம். ஏனெனில் அந்த விசிறிக்கு நேர் கீழே ஒரு குழந்தை உறங்குகிறது. பழைய பின்னுக்குப் பதிலாக ஏதோ ஒரு கம்பித் துண்டைச் சுற்றிவிட்டுப் போகும் வழக்கத்தை யாரும் அனுமதிக்கலாகாது.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் பயிற்சி பெற்றவரா, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று உண்டா என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. சான்றிதழ் இன்றி அனுபவத்தாலேயே தேர்ந்த நல்ல கைகளும் உண்டு. அவர்களை அறிய அக்கம்பக்கத்தார் சொல்லே பிரமாணம். ஆனால் கோளாறு விசிறியைத் தாண்டி வீட்டின் வயரிங்கில் இருக்குமானால், தகுதிச் சான்று உள்ளவரைத் தவிர வேறொருவரை அழைப்பது சரியன்று. சாதாரண விசிறி ஏறக்குறைய 75 வாட் செலவழிக்குமிடத்தில் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிகளை, அவற்றினுள் எலக்ட்ரானிக் பலகை இருப்பதால், கம்பெனியின் சர்வீஸ் ஆளிடமே விட்டுவிடுவது உத்தமம்.

உண்மையாகவே காயில் கட்டவேண்டி வந்தால், தாமிரக் கம்பியா அலுமினியமா என்று முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கும் தொகை புதிய விசிறியின் விலையில் பாதியைத் தாண்டினால், பழையதன் மேல் உள்ள பாசத்தை விட்டுவிடுவதே லாபம். கூலியை முதலிலேயே பேசி முடியுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் ஏறும்போது ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். விசிறி முழு வேகத்தில் சிறிது நேரம் ஆட்டமின்றி ஓடுவதைக் கண்ட பிறகு, பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்து, அடுத்த முறையும் அவரையே அழையுங்கள்.