ஒரே ஊரில் பிறந்த பெயர்

மேரி கியூரியைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அவர் பிறந்தது 1867-இல், வார்சாவில். அப்போது அவர் பெயர் மரியா ஸ்க்வொடோவ்ஸ்கா. கியூரி என்பது பாரிசில் கணவர் வழி வந்த பெயர். பிறந்த வீட்டுப் பெயரையும் அவர் கைவிடவில்லை. போலந்துக்காரர்கள் இன்றும் அவரை இரண்டு பெயரும் சேர்த்தே அழைக்கிறார்கள். அந்தப் பிறந்த வீட்டுப் பெயர் ஒரு சிற்றூரிலிருந்து வந்தது. வார்சாவுக்கு வடகிழக்கே ஸ்க்வோடி என்ற பொதுப்பெயருடன் சின்னச் சின்னக் குடியிருப்புகள் அருகருகே இருக்கின்றன. அந்த மண்ணைச் சேர்ந்தவர் ஸ்க்வொடோவ்ஸ்கி. அவர் மகளோ மனைவியோ என்றால் கடைசி எழுத்து மாறி ஸ்க்வொடோவ்ஸ்கா.

இதற்கு நேர் எதிர் முனையில் இருக்கும் பெயர் நோவாக். இன்றைய போலந்தில் சுமார் 2 லட்சம் பேர் நோவாக். நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.8 கோடி என்பதால், கிட்டத்தட்ட இருநூறு பேருக்கு ஒருவர். ஒரு பெயர் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, இன்னொன்று ஒரு மூலையைத் தாண்டவில்லை. ஏன்?

அரிய பெயர் என்றால் பழம்பெரும் குடும்பம், பிரபு வம்சம் என்று நினைத்துக்கொள்வது போலந்திலும் வழக்கம்தான். பெயர்களின் வரலாறு அப்படிச் சொல்வதில்லை. ஒரு குடும்பப்பெயர் பெருகுமா, அருகுமா என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, அது எத்தனை இடங்களில் தனித்தனியே பிறந்தது. இரண்டு, பிறந்த பிறகு தலைமுறைக்குத் தலைமுறை அதற்கு எத்தனை ஆண் வாரிசுகள் வாய்த்தார்கள். முதலாவது ஊரும் தொழிலும் சார்ந்தது. இரண்டாவது சுத்தமான அதிர்ஷ்டம்.

நோவாக் என்றால் புதிதாக வந்தவன். வேறு ஊரிலிருந்து ஒருவன் வந்து குடியேறுகிறான். ஊரார் அவனைப் புதியவன் என்கிறார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் அதுவே குடும்பப்பெயர் ஆகிவிடுகிறது. இப்படி ஒருவன் வந்து சேராத கிராமம் எங்கே இருக்கிறது? அதனால்தான் செக் நாட்டிலும் ஸ்லோவேனியாவிலும்கூட மிகப் பரவலான குடும்பப்பெயர் நோவாக்தான். இந்த மூன்று நாட்டு நோவாக்குகளுக்கும் பொதுவாக ஒரு பாட்டன் இல்லை. ஒரே தேவை எங்கெங்கோ ஒரே பெயரை ஈன்றிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் இடத்தில் இருக்கும் கோவால்ஸ்கியும் அப்படியே. கோவால் என்றால் கொல்லர். உலைக்களம் இல்லாத ஊர் இல்லை. ஆகவே கொல்லரை வைத்தும், கொல்லர்கள் வாழ்ந்த கோவாலே போன்ற ஊர்களை வைத்தும் கோவால்ஸ்கி பல இடங்களில் முளைத்தது. முதல் ஐந்து இடங்களுக்குள் வரும் கோவால்சிக் கொல்லரின் மகனை, அல்லது அவரிடம் தொழில் பழகும் பையனைக் குறித்த பெயர். அதே வரிசையில் நிற்கும் வூய்ச்சிக்குக்கு ஊர்த்தலைவரைக் குறிக்கும் சொல் மூலம்.

இந்தப் பரவலே ஒருவருக்கு முகமூடியாகப் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கண்ணில் மண்ணைத் தூவி வார்சாவுக்கும் லண்டனுக்கும் இடையே ரகசியச் செய்தி கொண்டுபோன தூதர் ஒருவரின் இயற்பெயர் ஸ்ஜிஸ்வாவ் யெஜியோரான்ஸ்கி. அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர் யான் நோவாக். எந்தப் பட்டியலில் தேடினாலும் நூற்றுக்கணக்கில் கிடைக்கும் பெயர் அது. போருக்குப் பிறகு ‘சுதந்திர ஐரோப்பா வானொலி’யின் போலிஷ் பிரிவை 1952 முதல் 1976 வரை நடத்தியபோதும் அந்தப் பெயர் அவரைவிட்டுப் போகவில்லை, யான் நோவாக்-யெஜியோரான்ஸ்கி என்றே வரலாற்றில் நிலைத்தார்.

ஊர்ப் பெயரிலிருந்து வந்த பெயர்களில் இந்தக் கணக்கு இன்னும் துலக்கமாகத் தெரியும். ‘ஸ்கி’ விகுதி முதலில் நிலவுடைமைப் பிரபுக்களுடையது. இன்ன ஊரை உடையவர் என்று காட்ட ஊர்ப்பெயருடன் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். டோம்ப்ரோவா என்றால் ஓக் மரத்தோப்பு. தோப்புகள் நிறைந்த நாட்டில் அந்தப் பெயரில் ஊர்கள் பற்பல. எனவே டோம்ப்ரோவ்ஸ்கி நாடெங்கும் உண்டு. போலந்தின் தேசிய கீதத்தில் வரும் தளபதியின் பெயரும் அதுவே. ஸ்க்வோடி அப்படியல்ல. ஒரு மூலையில் இருந்த ஊர். அங்கே பிறந்த பெயரும் அந்த அளவுக்கே பரவியது.

பிரபு என்றதும் கோட்டையும் குதிரைப்படையும் கண்முன் வேண்டாம். போலந்தின் பழைய பிரபு வகுப்பு மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருந்தது. அதில் பெரும்பகுதி சொந்த ஏர் பிடித்து உழுத சிறு பிரபுக்கள். மேரி கியூரியின் முன்னோர் அந்த வகையினர். சில குக்கிராமங்களில் அத்தனை வீட்டாருக்கும் ஒரே குடும்பப்பெயர் இருந்ததால், யார் யாரென்று பிரித்தறிய வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் நகரத்தாரும் உழவர்களும் ‘ஸ்கி’ போட்டுக்கொள்ளத் தொடங்க, விகுதியை வைத்து வம்சம் சொல்லும் வழக்கம் பொருளிழந்தது.

உழவர்களின் பெயர்களில்தான் கலகலப்பு அதிகம். சிட்டுக்குருவி, காகம், கொண்டலாத்தி, ஓநாய், முயல் எல்லாம் குடும்பப்பெயர்களாக உண்டு. முட்டைக்கோஸ், வெங்காயம், உறைபனி, வெள்ளிக்கிழமைகூட உண்டு. முஷியாவ் என்றொரு பெயருக்கு ‘செய்தாக வேண்டியிருந்தது’ என்று பொருள். எந்தக் கட்டாயத்தில் எந்த மூதாதை எதைச் செய்தாரோ, பேச்சில் விழுந்த வினைச்சொல் வம்சத்தோடு ஒட்டிக்கொண்டது.

இவை வாய்மொழியில் இருந்தவரை இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாறக்கூடியவை. எழுத்தில் ஏறியதும் உறைந்தன. 1563-இல் முடிந்த திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பிறகு கத்தோலிக்கப் பங்குகளில் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் ஒழுங்காக எழுதப்படலாயின. உழவர் வீட்டுப் பெயர்களும் மெல்ல மெல்ல நிலைபெற்றன. யூதர்களுக்குக் குடும்பப்பெயர் அரசாணை வழியாக வந்தது. ஆஸ்திரியா ஆண்ட கலீசியாவில் 1787-இல், பிரஷ்யா பிடித்த பகுதிகளில் 1797-இல், ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்ட போலந்தில் 1821-இல் நிலையான குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளக் கட்டளை பிறந்தது.

எழுதியவர் காதுக்கு எட்டியபடிதான் பெயர் அமைந்தது. போலிஷ் மொழியில் ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துமுறை உள்ள இடங்கள் சில உண்டு. ‘ஊ’ ஒலியை இரண்டு விதமாக எழுதலாம். ‘ஹ’ ஒலியையும் அப்படியே. பங்குத்தந்தையின் பேனா வழக்கமான எழுத்தை விட்டு மற்றதைத் தொட்டால், அண்ணன் மகன் ஒரு குடும்பப்பெயருடனும் தம்பி மகன் இன்னொரு குடும்பப்பெயருடனும் வளர்வார்கள். 1795-இல் நாடு முழுவதுமாகப் பங்குபோட்டுக்கொள்ளப்பட்டபின் சிக்கல் கூடியது. ஒரே ஒலியை ஜெர்மன் எழுத்தர் ஒரு விதமாக எழுதினார். ரஷ்யப் பகுதியில் 1868 முதல் பதிவேடுகளே ரஷ்ய மொழிக்கு மாறின. ஜெர்மனியின் ரூர் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பிழைக்கப் போன ஷிமான்ஸ்கிகள் பலர் ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் ஊறிப்போனார்கள். இன்று அரிதாகத் தெரியும் சில பெயர்கள், பரவலான பெயர் ஒன்றின் எழுத்துப்பிழைகள்.

இனி அதிர்ஷ்டத்தின் கணக்கு. ஆங்கிலேயர் பிரான்சிஸ் கால்டன் 1873-இல் ஒரு புதிர் போட்டார். பெயர் ஆண்வழியில் மட்டும் போகிறது. ஒவ்வொருவருக்கும் இத்தனை மகன்கள் பிறக்க இன்ன வாய்ப்பு. எனில் ஒரு குடும்பப்பெயர் அழிந்துபோக எவ்வளவு வாய்ப்பு? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை கண்டார். ஆனால் சமன்பாட்டின் இரண்டு விடைகளில் ஒன்றைத் தவறவிட்டு, எல்லாப் பெயரும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று முடித்தார். சரியான விடை இது: சராசரி மகன்கள் எண்ணிக்கை ஒன்று அல்லது அதற்குக் கீழ் என்றால் அழிவு நிச்சயம், ஒன்றுக்கு மேல் என்றால் தப்பிக்க வழியுண்டு.

அந்த வழி எவ்வளவு குறுகலானது என்று உண்மையான மக்கள்தொகைத் தரவை வைத்துக் கணக்கிட்டவர் ஆல்ஃபிரட் லோட்கா. இவர் 1880-இல் பிறந்தது அன்றைய கலீசியாவின் தலைநகரான லுவூவில். இன்று அது உக்ரைனின் லிவிவ். பிற்காலத்தில் நியூயார்க்கில் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் புள்ளியியலாளராக இருந்தபடி, அமெரிக்க வெள்ளையர் குடும்பங்களின் கணக்கை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அதில் ஒருவருக்குச் சராசரியாக 1.26 மகன்கள். அதாவது தலைமுறைக்குத் தலைமுறை மக்கள்தொகை கால் பங்கு கூடும் சமூகம்.

ஆயிரம் ஆண்கள், ஆளுக்கொரு தனிப்பெயர் என்று வைத்துக்கொள்வோம். லோட்காவின் எண்படி நூற்றுக்கு 48 பேருக்கு மகனே இல்லை. ஆகவே முதல் தலைமுறையிலேயே 480க்கு மேற்பட்ட பெயர்கள் போய்விடும். பேரன்கள் காலத்தில் போனவை 620ஐத் தாண்டும். கொள்ளுப்பேரன்கள் காலத்தில் 700ஐ நெருங்கும். காலப்போக்கில் 820 வரை அழியும். மக்கள் பெருகிக்கொண்டே இருக்க, பத்தில் எட்டுப் பெயர்கள் மறைகின்றன. பெருகிய கூட்டம் முழுவதையும் மிஞ்சிய 180 பெயர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. இதில் பஞ்சமோ போரோ சேர்க்கப்படவில்லை. பிள்ளைப் பேற்றின் ஏற்றத்தாழ்வு மட்டுமே இதைச் செய்துவிடுகிறது. நோவாக் ஏன் அழியாது என்பதும் இங்கேயே விளங்கும். ஆயிரம் ஊரில் ஆயிரம் தடவை பிறந்த பெயரில் எண்ணூறு கிளைகள் பட்டுப்போனாலும் பெயர் நிற்கும். ஒரே ஊரில் பிறந்த பெயருக்கு அந்த ஒரு கிளைதான்.

கோப்பர்னிக்கஸ் வீட்டில் நடந்தது இதுதான். சைலீசியாவில் நீசா நகருக்கு அருகே கோப்பர்நிகி என்ற கிராமம் இருக்கிறது. குடும்பப்பெயரின் வேர் அங்கே. வானியலாளரின் தந்தை கிராக்கோவிலிருந்து தோருனுக்குக் குடிபெயர்ந்த செம்பு வணிகர். நான்கு பிள்ளைகள். மூத்த மகன் ஆந்திரேயும், வானியலாளரான இளைய மகன் மிக்கோவாயும் திருச்சபைப் பணிக்குப் போனார்கள். ஒரு மகள் துறவி. இன்னொருத்தி மணமாகி வேறு பெயருக்குப் போனாள். 1543-இல் மிக்கோவாய் இறந்ததோடு அந்த வீட்டில் பெயர் முடிந்தது. 2005-இல் ஃப்ரோம்போர்க் பேராலயத்தின் தரைக்கடியில் ஒரு மண்டையோடு கிடைத்தது. அது கோப்பர்னிக்கசுடையதுதானா என்று எப்படித் தெரியும்? அவர் வைத்திருந்த ஒரு நூல் பழைய போரில் சுவீடனுக்குக் கொண்டுபோகப்பட்டு உப்சாலாவில் இருந்தது. அதன் பக்கங்களில் சிக்கியிருந்த முடிகளின் மரபணுவும் எலும்புக்கூட்டின் பல்லிலிருந்து எடுத்த மரபணுவும் பொருந்தின. ஒப்பிடப்பட்டது தாய்வழியில் மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணு. பெயர் தந்தை தந்தது. அடையாளம் காட்டிக்கொடுத்தது தாய் தந்தது.

இசையமைப்பாளர் ஷோப்பன் கதையும் இதே போக்கு. அவருடைய தந்தை 1787-இல் பிரான்சின் லொரேன் பகுதியிலிருந்து போலந்துக்கு வந்தவர். ஃப்ரெடரிக் ஒரே மகன். உடன் பிறந்த மூவரும் பெண்கள். ஒருத்தி பதினான்கு வயதில் இறந்தாள். மற்ற இருவரும் மணமாகிக் கணவர் பெயர் ஏற்றார்கள். 1849-இல் அவர் பாரிசில் மறைந்தபோது அந்தக் குடும்பத்தில் பெயரைத் தொடர ஆளில்லை. அக்கா லுத்விகாவின் வழியில் ரத்தம் தொடர்ந்தது, வேறு பெயரில்.

எல்லா மறைவும் இப்படி இயல்பாக நேர்ந்ததல்ல. நாஜிகள் கொன்ற போலந்து யூதர்கள் சுமார் 30 லட்சம் பேர். தலைமுறைகளாகப் போலந்து நகரங்களின் பெயரையே தாங்கியிருந்த எத்தனையோ குடும்பங்கள் அந்த மண்ணிலிருந்து துடைத்தெறியப்பட்டன. அந்தப் பெயர்களில் மிஞ்சியவை இன்று இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் வழங்குகின்றன.

அரிய பெயருக்குப் பெருமை இருக்கிறதோ இல்லையோ, பயன் இருக்கிறது. கிராக்கோ மொழியியலாளர் கஷிமியெஷ் ரிமூட் 1992–94-இல் பத்துத் தொகுதிகளாக ஓர் அகராதி வெளியிட்டார். தேசிய அடையாள எண் பதிவேட்டை வைத்துத் தொகுத்தது. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் அதைக் கொண்டவர்களின் எண்ணிக்கை. அதையடுத்து, அன்றிருந்த 49 மாகாணங்களில் எதில் எத்தனை பேர் என்று சுருக்கெழுத்துகளோடு ஒரு வரிசை. நோவாக்குக்கு அந்த வரிசை நாட்டையே சுற்றி வரும். அரிய பெயருக்கு இரண்டு மூன்று மாகாணங்களோடு நின்றுவிடும். அங்கே போய்ப் பங்குப் பதிவேட்டைப் புரட்டினால் போதும். போலந்து முன்னோரைத் தேடும் சிகாகோக்காரருக்கு நோவாக் முட்டுச்சந்து.

மரபணுவும் இதை ஆமோதிக்கிறது. ஆண்வழியில் பெயரோடு கூடவே இறங்குவது ஒய் குரோமோசோம். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 2009-இல் பிரிட்டனின் 40 குடும்பப்பெயர்களை ஆராய்ந்தார்கள். கொல்லரைக் குறிக்கும் ஸ்மித் என்ற பெயருள்ளவர்களிடம் பொது மூதாதைக்கான தடயம் இல்லை. பெயர் அரிதாக அரிதாக, ஒரே மாதிரி ஒய் குரோமோசோம் கொண்டவர்களின் பங்கு கூடியது.

போலந்தில் இப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.2க்கும் கீழே. மகன்களை மட்டும் எண்ணினால் ஒன்றைவிட வெகு குறைவு. பெயர் ஆண்வழியில் மட்டும் போகும் என்று கால்டன் போட்ட நிபந்தனைப்படி, இந்த நிலை நீடித்தால் எந்தக் கிளையும் தப்பாது. வாட்சனின் பிழையான முடிவு அங்கே சரியாகிவிடும். ஆனால் அந்த நிபந்தனை இயற்கை விதித்தது அல்ல, வழக்கம் விதித்தது. இன்றைய போலிஷ் சட்டப்படி பிள்ளைக்குத் தாயின் குடும்பப்பெயரையும் வைக்கலாம், இரண்டையும் இணைத்தும் வைக்கலாம். மகள்களையும் கணக்கில் சேர்த்தால் ஓர் அரிய பெயருக்கு வாய்ப்பு இரட்டிப்பாகிறது. கணிதத்தால் காப்பாற்ற முடியாத பெயரை, பிறப்புப் பதிவு அலுவலகத்தில் ஒரு தாய் எடுக்கும் முடிவு காப்பாற்றிவிடும்.